வெந்நீரில் தோய்த்த கடிவாளம்

களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் நிற்கிறேன். தண்ணீர் காட்டுவதற்காகக் கழற்றிய கடிவாளத்தை என் குதிரை ராணி மறுபடி வாயில் வாங்க மறுக்கிறாள். மூன்று நாளாக மழை கூடவே வருகிறது; மூன்று நாளாக இந்தச் சண்டையும். கடிவாளத்தின் வாய் இரும்பை அவள் பல்லில் வைத்து அழுத்துகிறேன். அவள் தலையை மேலே தூக்குகிறாள். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடிக்கிறது. மிரண்டு ரோட்டில் பாய்ந்தால் என்னால் பிடிக்க முடியாது.

“அண்ணே, பல்லுல இடிக்கப்பிடாது, பாவம்!”

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு நர்ஸ், பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வருகிறாள். கல்யாண ஊர்வலத்துக்கு விடும் குதிரை ஒன்று அவள் வீட்டில் உண்டாம். இரும்பைத் தொட்டுப் பார்க்கிறாள்.

“மழையில கெடந்து குளுந்துபோன இரும்பாக்கும். இத ஒங்க வாயில வச்சா சும்மா இருப்பியளா?”

கடைக்காரரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்கிறாள். இங்கே குடிக்கத் தரும் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர் ஒரு சொம்பு நிறைய வருகிறது. அதில் இரும்பை முக்கித் துடைத்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்கிறாள்.

“வாய் ஓரத்தில பல்லு கெடையாது. அங்க பெருவெரல வச்சா தானா தெறக்கும்.”

ராணி வாயைத் திறந்து இரும்பை வாங்கிக்கொள்கிறாள். நர்ஸ் காதுகளை மடக்காமல், ஒவ்வொன்றாக வாருக்குள் விடுகிறாள். தொண்டை வாரை நாலு விரல் நுழையும்படி தளர்த்துகிறாள்.

நான் நன்றி சொல்வதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

“வாறேன் மக்கா” என்று ராணியின் கழுத்தில் தட்டிவிட்டு ஓடுகிறாள்.

பிடிவாதக்காரி என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! சேணத்தில் ஏறாமல், பாறசாலை வரை ராணியின் பக்கத்திலேயே நடக்கிறேன்.