அந்தக் கருகல் மணம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாரிகாலம். இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா பக்கம் ஒரு பழைய மாடிவீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இங்கத்தைய வழக்கப்படி அவரைச் சின்யோரா என்போம். மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் பல வீடுகளில் வேலை செய்திருக்கிறேன். இவரைப் போல மனம் நோகாமல் கதைக்கிறவரைக் கண்டதில்லை. மதியத்தில் என்னையும் மேசையில் இருத்தித்தான் சாப்பிடுவார்.

ஒருநாள் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று முகத்தைச் சுளித்து என் கையைத் தட்டிவிட்டார். றப்பர் எரிந்தது போல ஒரு மணம் வருகிறதாம். ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

அது திரும்பத் திரும்ப வந்தது. வரும்போதெல்லாம் சின்யோரா வேறு ஆளாகிவிடுவார். கண்ணில் ஒரு பயம் தெரியும். காரணமில்லாமல் கத்துவார், கிட்டப் போனால் தள்ளிவிடுவார். சின்யோராவின் மகன் வந்து விசாரித்தார். கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, உங்கள் சமையல் மணம் உடுப்பில் ஏறியிருக்கும், கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

எங்கள் பெண்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. வேலைக்குப் போகிற உடுப்பைக் குசினிப் பக்கமே கொண்டுபோக மாட்டோம். கறி தாளிப்பதெல்லாம் லீவு நாளில், ஞாயிறு பூசை முடிந்து வந்துதான். அப்படியிருந்தும் மகன் சொன்னதும் நம்பிவிட்டேன். அந்த வீட்டில் மணக்கக்கூடியது நான் ஒருத்திதானே! வேலை போனால் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. மிளகாய்த்தூள் போத்தலைக் கட்டி மேல்தட்டில் வைத்தேன். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பதை விட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் வெடித்தது.

"அம்மா, சேம்ப்ரே பாஸ்தா! எந்த நாளும் பாஸ்தாவோ?" என்று என் மகள் அழுதாள். கணவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உம்மட்டை ஒரு மணமும் இல்லையப்பா. ஏன் இப்பிடிக் கிடந்து சாகிறீர்?" என்றார்.

"உங்களுக்கு மணக்காது. நாங்கள் பழகிப்போனம். அவைக்குத்தான் மணக்குது" என்றேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. வாசலிலேயே மகன் நின்றார். ஞாயிறன்று அவர்தான் தாயோடு இருந்தாராம், அன்றைக்கும் அதே மணமாம். நான் குசினியில் கொழுவிவிட்டுப் போன ஏப்ரனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். உங்களுக்கு மணந்ததா என்று மகனைக் கேட்டேன். இல்லை என்றார். படியில் நின்றபடியே ஏப்ரனை எடுத்து முகர்ந்தேன். சோப்பு மணம்தான். அப்போதுதான் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. நான் இல்லாத நாளிலும் என் மணம் வருமா?

என்னில்தான் மணக்கிறதா என்று இன்றைக்குச் சின்யோராவிடமே கேட்டுவிடுவது என்று உள்ளே போனேன். நான் வாய் திறக்குமுன் சின்யோரா மூக்கைப் பொத்தினார். "வருகிறது" என்றார். அடுத்த கணம் கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றது. வாய் எதையோ சப்புவது போல அசைந்தது, விரல்கள் போர்வையை நுள்ளிக்கொண்டே இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மகன், அம்மா மயங்கிவிட்டார் என்று மட்டும் சொன்னார். நான் இடையில் புகுந்து, முதலில் கருகல் மணம், பிறகுதான் இது என்றேன். டாக்டர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். எத்தனை காலமாக என்று கேட்டார். மாரி தொடங்கியதிலிருந்து என்றேன். மூக்குக்குள் மணத்தைப் பிடிக்கிற நுண்ணிய ஏற்பிகள் இருக்கின்றனவாம், அவைதான் மூளைக்குச் செய்தி அனுப்புமாம். சில நோயில் மூக்கிலிருந்து எந்தச் செய்தியும் போகாமலே மூளையில் அந்த இடம் தானாகத் துடிக்கும், இல்லாத மணம் வரும், பயம் பிறக்கிற இடமும் பக்கத்திலேயே இருப்பதால் பயமும் சேர்ந்து வரும் என்று விளக்கினார். தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் கட்டி தெரிந்தது. வெட்டி எடுக்கிற அளவைக் கடந்துவிட்டது என்றார்கள். மகன் என் வெடித்த கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

பாஸ்கா பெருநாள் வருமுன்னே சின்யோரா போய்விட்டார். யோசித்துப் பார்க்கிறேன். உன்னில் மணக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மணம் வருகிறது என்றுதான் சொன்னார். அதை என்மேல் ஒட்டிவிட்டவர்கள் மகனும் நானும்தான். அவர் தலைக்குள் கட்டி வளர்ந்த நாளெல்லாம் நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது கால்சாவில் வேறொரு வீட்டில் வேலை. தூள் போத்தல் கீழே இறங்கிவிட்டது, மகளுக்குக் கறி கிடைக்கிறது. ஆனாலும் அந்த மணம் என்னுடையதல்ல என்று டாக்டரே சொன்ன பிறகும், புது வீட்டு மணியை அழுத்துமுன் கையை ஒருமுறை முகர்ந்து பார்க்காமல் என்னால் உள்ளே போக முடிவதில்லை.