எட்டுப் பேருக்கு எதிரே வெர்னா

ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் கூரை போடுகிறவள் வெர்னா கோவாக். வாரம் முழுக்க ஏணியில் ஏறி ஆணி அடிப்பாள். சனிக்கிழமை மதியம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எங்கள் பெண்கள் அணிக்காக, அமெரிக்க ஃபுட்பாலில் ஓடுகிற மாதிரி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவாள். அவளுக்கு முன்னால் நின்று, எதிரிலிருக்கும் ஆளைத் தள்ளி வழி திறந்துவிடுவது நானும் இன்னும் ஐந்து பேரும்.

போன வருஷம் வரை எங்களிடம் நன்றாகப் பந்தெறிகிற ஒருத்தி இருந்தாள். பந்து எப்போது தலைக்கு மேல் பறக்குமோ என்ற பயத்தில் எதிரணியில் பாதிப் பேர் பின்னால் தள்ளியே நிற்பார்கள். முன்னால் ஆறு பேர்தான். ஆளுக்கு ஒருத்தியை நாங்கள் பிடித்துக்கொண்டால் வெர்னா பறந்துவிடுவாள். எறிகிறவள் கல்யாணமாகி ஃப்ளோரிடா போனாள். அந்த இடத்துக்கு வந்த ட்ரிஷாவுக்குத் தைரியம் நிறைய. ஆனால் அவள் எறிகிற பந்து பாதி வழியிலேயே சோர்ந்து விழும். இது எல்லா ஊருக்கும் தெரிந்துபோயிற்று. பின்னால் நின்றவர்களையும் முன்னால் இழுத்து எட்டுப் பேராக நிறுத்தினார்கள். எங்கள் பிடியில் சிக்காத இரண்டு பேர் நேராக வெர்னாவின் இடுப்புக்கு வந்தார்கள்.

மைதானத்தில் மைக் பிடிப்பவர் முடிவெட்டுகிற லெஸ்டர். ஒருநாள் வெர்னா விழுந்ததும், "வெர்னா தாண்டினது ஒரே ஒரு கெஜம்! காலைக் கூரை மேலயே மறந்து வச்சுட்டு வந்துட்டாங்க போல!" என்றார். கூட்டம் சிரித்தது.

வெர்னா எழுந்து மைக் கூண்டைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ் லெஸ்டர், கீழ இறங்கி வாய்யா! நீ ஓடிக் காட்டு, பாக்கலாம்!"

அடுத்த பயிற்சியில் எங்கள் கோச் மெர்ல் அவளைத் தனியே கூப்பிட்டார். எனக்குக் காதில் விழுந்தது.

"உனக்கு முப்பத்தஞ்சு ஆச்சு வெர்னா. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. கேய்லி ஓடட்டும், நீ கொஞ்சம் உக்காரு."

"உக்கார மாட்டேன்."

கேய்லி கல்லூரி முடித்து அந்த வருஷம்தான் வந்து சேர்ந்திருந்தாள். மான் மாதிரி கால். மெர்ல் எதிரே ஆறு பேரை நிறுத்தி அவளை ஓடவிட்டார். எல்லைவரை போய்விட்டுத் திரும்பினாள். மெர்ல் வெர்னாவைப் பார்த்தார்.

"இப்ப எட்டு பேரை நிறுத்துங்க கோச்," என்றாள் வெர்னா.

நிறுத்தினார். கேய்லி பந்தை வாங்கிய இடத்திலேயே விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். மூன்றாவது தடவை வாயிலிருந்த புல்லைத் துப்பிக்கொண்டே, "இதையா வெர்னா நீ வாராவாரம் வாங்குற?" என்று கேட்டாள்.

"என் கால் போன வருஷத்துக் கால்தான் கோச். எதிர்ல நிக்கிற கூட்டம்தான் மாறிப்போச்சு. அதைக் கலைக்க வழி பாருங்க. என்னைக் கலைக்காதீங்க."

மெர்ல் விசிலை ஊதிப் பயிற்சியை முடித்தார். ஆனால் சனிக்கிழமை பந்து வெர்னாவிடம்தான் போயிற்று.

அன்று அக்கரை ஊருடன் ஆட்டம். அவர்கள் தடுப்பின் நடுவே டோனா என்றொருத்தி, கதவை அடைத்து நிற்பது மாதிரி நின்றாள்.

"என்ன கூரைக்காரி, இன்னும் ரிட்டயர் ஆகலையா?"

"உன்னை மிதிச்சுட்டுத்தான்டி ஆவேன்."

மிதிக்க முடியவில்லை. இடைவேளைக்குள் வெர்னாவின் உதடு கிழிந்திருந்தது. என் ஆளை நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் அவள் விழுகிற சத்தம் கேட்கும். இடைவேளையில் அவள் ட்ரிஷாவின் சட்டையைப் பிடித்தாள்.

"எறிடி."

"விழுந்துடும் வெர்னா. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஒரே ஒரு தடவை யாராச்சும் புடிச்சா போதும், இவளுங்களுக்குப் பயம் வந்துடும்."

மெர்ல் கேய்லியைப் பந்து பிடிக்க ஓரத்தில் தள்ளி நிறுத்தினார். முதல் பந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது, டோனா கைதட்டினாள். அடுத்து எறிந்ததைக் கேய்லி முழங்கால் உயரத்தில் குனிந்து அள்ளிக்கொண்டு ஓடினாள், நெடுந்தூரம். மறுமுறை நாங்கள் வரிசையில் நின்றபோது எதிரே இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். இத்தனை நாளும் காணாத வெளி என் முன்னால் தெரிந்தது. என் ஆளை ஓரமாகத் தள்ளினேன். வெர்னாவின் மூச்சு என் தோளை உரசிக்கொண்டு போனது. அவளைப் பிடிப்பதற்குள் பாதி மைதானம் தாண்டிவிட்டாள். இந்தத் தடவை லெஸ்டர் கெஜத்தை மட்டும் சொன்னார்.

கடைசியில் எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது; எங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். பந்து கோட்டைத் தாண்டினால் ஜெயம், இல்லாவிட்டால் தோல்வி. அவர்கள் மொத்தப் பேரும் நடுவில் வந்து நெருக்கி நின்றார்கள். அத்தனை கண்ணும் வெர்னா மேல். எறியச் சொல்லி ஓரத்திலிருந்து மெர்ல் கை காட்டினார்.

வெர்னா முகம் சுண்டியது. அந்தப் பந்து தனக்கு வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். எச்சிலைத் துப்பிவிட்டு ட்ரிஷாவிடம் சொன்னாள்: "எனக்குக் குடுக்கற மாதிரி காட்டு. நெஜமா வாங்கினவ மாதிரியே நான் போறேன்."

ட்ரிஷாவின் வெறுங்கையை வயிற்றோடு அணைத்து, குனிந்து, என் முதுகுக்கு மேலே தாவி, அந்தக் கூட்டத்துக்குள் விழுந்தாள் வெர்னா. நான்கு பேர் அவள் மேல் சரிந்தார்கள். டோனா அவள் கையைப் பிரித்துக்கொண்டே, "பந்து எங்கடி?" என்றாள்.

"போய்த் தேடு."

எல்லைக்கோட்டுக்கு அப்பால் மூலையில், பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்ற கேய்லியின் கையில் ட்ரிஷா எறிந்த பந்து தள்ளாடிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. ஜெயித்துவிட்டோம்.

ஆட்டம் முடிந்து லெஸ்டர் கட்டம் போட்ட கணக்குத் தாளிலிருந்து ஒவ்வொருவர் ஓடிய தூரத்தையும் வாசித்தார். வெர்னாவின் முறை வந்ததும், "சுமார்தான்," என்றார். அவள் சேறும் ரத்தமுமாகக் கூண்டுப் படியேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"கடைசி வாய்ப்புல நாலு பேர் என் மேல கெடந்தாங்களே லெஸ்டர், அதை எங்க எழுதியிருக்க?"

"அதுக்குக் கட்டமே இல்லம்மா."

"அப்ப ஒரு கட்டம் போடு!"

மைதானம் முழுக்கக் கேட்டது. லெஸ்டர் கட்டம் போடவில்லை. போட அவருக்கு அதிகாரமும் இல்லை. மெர்ல் அதன் பிறகு பாதி ஓட்டத்தைக் கேய்லிக்குக் கொடுத்தார். வெளியே கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வெர்னா சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தாள். மேலும் இரண்டு வருஷம் ஆடினாள். யார் சொல்லியும் நிற்கவில்லை.