அணை தாங்கிய தோள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸை மாதாமாதம் தனி இதழாகப் படிப்பதுதான் சரி என்று பல வருடம் சண்டை போட்டவன் நான். தொகுப்புகள் அலமாரியில் அழகுக்கு நிற்கிற செங்கல் என்பேன். ஆனாலும் எனக்குப் பிடித்த கதை மொத்தமும் ஒரே புத்தகமாக வந்தபோது, கை சும்மா இருக்கவில்லை, வாங்கிவிட்டேன்.

கிணத்துக்கடவு வீட்டுக்குக் கூரியரில் வந்த அந்தக் கனத்த புத்தகத்துக்கு, கிணற்றுக்குப் புது மோட்டார் வந்தால் வைப்பதுபோல, என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். அதுவும் அட்டையில் நின்ற நாயகனின் நெற்றியில்.

"என்ன அம்மணி, புது புக்கைக் கறையாக்கிப்போட்டியே!" என்று கத்தினேன்.

"புதுசுன்னா பொட்டு வெக்கோணுமுங்க" என்றபடி அவள் உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தாள். உடையப்போகும் அணையை, ஊர் சனம் மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை, நாயகன் தோள் கொடுத்துத் தாங்குகிற கதை அது.

பாதியில் கேட்டாள்: "ஏனுங்க, இவருக்குத் தோளு வலிக்காதுங்களா?"

வலிக்காது, அவர் சூப்பர் ஹீரோ என்று சொல்ல வாயெடுத்தவன், ஏனோ புத்தகத்தை வாங்கிப் பின்னோக்கித் திருப்பினேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தத் தோள் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. அதைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை. மாதம் ஓர் இதழாகப் படித்த எனக்கு அது தெரியவே இல்லை. யாரும் பார்க்காவிட்டாலும் போகட்டும் என்று ஓவியர் வரைந்து வைத்திருக்கிறார்.

தனி இதழா தொகுப்பா என்ற சண்டையை அன்றோடு விட்டேன். மறுநாள் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. கிண்ணத்தை நானே எடுத்து வந்து, இந்த முறை தோளில் வைத்தேன்.