இரண்டு தாமஸ் ரூவேன்கள்

ஃபெஸ்டஸ் மல்க்ரோன் மேயோ என்ற ஐரிஷ் மாவட்டத்தின் மேற்குக் கரையில் முப்பத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டு நாய் காலைக் கவ்வும், எந்த வீட்டில் தேநீர் குடிக்காமல் விடமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் ஓய்வு பெற்றதும் பங்குச் சாமியார் ஒரு வேலையை அவர் தலையில் கட்டினார். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கோவிலுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். என் கொள்ளுத்தாத்தா உங்கள் ஊரிலிருந்து கப்பலேறியவர், பெயர் இன்னது, அவர் பிறந்த வீடு எது என்று கேட்பார்கள். சாமியாருக்கு நேரமில்லை. ஃபெஸ்டஸுக்கு நேரம் இருந்தது, வீடுகளும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மொன்டானாவிலிருந்து டார்லீன் என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா தாமஸ் ரூவேன், 1884-இல் கப்பலேறி அங்கே செப்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர், சுரங்கத்தில் இடது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். கல்யாணப் பத்திரத்தில் அவருடைய தாயின் பெயர் ஓனோரா காரெட் என்று இருந்தது.

ஃபெஸ்டஸ் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினார். 1861-இல் தாமஸ் ரூவேன், டெரீன் கிராமம், தாய் ஓனோரா பாரெட் என்று கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் பாரெட்டுகள்தான். காரெட் என்று ஒருவரையும் அவர் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் எவனோ குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான் என்று தாமே திருத்திக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் பதிவேட்டை மூடிவிட்டார்.

அந்தக் கோடையில் டார்லீன் தன் தாய் ஐரீனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐரீனுக்கு எண்பத்தாறு வயது. டெரீனில் கூரை விழுந்து நான்கு சுவர் மட்டும் நின்ற வீட்டுக்கு ஃபெஸ்டஸ் அவர்களை அழைத்துப்போனார். ஐரீன் அடுப்பு இருந்த இடத்தில் மண்டியிட்டு வெகுநேரம் அழுதார். போகும்போது ஒரு சின்னக் கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஃபெஸ்டஸுக்கும் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, கல்லறைப் பூசைக்கு முன்னால் ஊரே சேர்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, காஞ்சொறிச் செடிகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த ஒரு கல்லை அவர் துடைத்துப் பார்த்தார். 'தாமஸ் ரூவேன், டெரீன். 1931-இல், எழுபதாம் வயதில் இறந்தார். உடன் அவருடைய தாய் ஓனோரா பாரெட்.'

மொன்டானா போன மனிதர் இங்கே எப்படிப் படுத்திருப்பார்? ஃபெஸ்டஸ் நேராகக் கோவிலுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தார். அடுத்த பக்கத்திலேயே இருந்தது: தாமஸ் ரூவேன், கிளாஷ் கிராமம், அதே 1861, தாய் ஓனோரா காரெட்.

வீட்டுக்கு வந்து மனைவி டெல்யாவிடம் சொன்னார்.

"அடப்பாவி மனுஷா. அப்போ அந்தம்மா யாரு வீட்டு அடுப்புல அழுதாங்க?"

"சம்பந்தமே இல்லாத ஆளு வீட்டுல."

"உடனே எழுதிப் போடு."

"அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு மக எழுதியிருந்தா. இந்த நேரத்துல போய்ச் சொல்லணுமா?"

"சொல்லாம இருந்தா உனக்கு உடம்பு சரியில்லாமப் போகும்."

அவர் எழுதவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி ஒரு வருஷமும் தாண்டிவிட்டது. அதன் பிறகு வந்த எந்தக் கடிதத்துக்கும் அவர் பதில் போடவில்லை. தெரிந்த வீட்டைக் காட்டக்கூடத் துணிவு வரவில்லை.

பிறகு ஒரு ஏப்ரலில் டார்லீனின் கடிதம் வந்தது. அம்மா இறந்துவிட்டார். ஆகஸ்டில் குடும்பத்தில் பத்தொன்பது பேர் வருகிறோம். தன் சாம்பலை டெரீனில் அந்த அடுப்படியில் புதைக்க வேண்டும் என்பது அம்மாவின் கடைசி ஆசை. நீங்கள் கூட இருக்க வேண்டும்.

டெல்யா கடிதத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை. அங்க இப்பதான் காலைச் சாப்பாடு நேரம். பேசு."

அவர் பேசினார். பதிவேடு, கல்லறைக் கல், மூடி வைத்த ஒரு வருஷம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"அடுப்படியில எடுத்த அந்தக் கல்லை அம்மா தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்க," என்றாள் டார்லீன்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் ஃபெஸ்டஸ்.

"எனக்குக் கோபம்தான், ஃபெஸ்டஸ். மறைக்க மாட்டேன். ஆனா நாங்க அங்க வந்து புதைச்ச அப்புறம் சொல்லியிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்? சரி, எங்க வீடு எது? அதுவும் இடிஞ்சு கிடக்கா?"

"இல்லம்மா. அதுல ஆள் இருக்கு."

கிளாஷ் வீட்டில் இருந்தது டொமினிக் ரூவேன். எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர், அறுபது ஆடுகள். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மறுநாள் காலை ஃபெஸ்டஸ் அங்கே போய் நின்றார்.

"உன் வம்சத்துல தாமஸ்னு யாராவது அமெரிக்கா போனாங்களா?"

டொமினிக் வேலிக் கம்பியை முறுக்குவதை நிறுத்தவில்லை. "எதுக்குக் கேக்குற?"

"அவர் ஆளுங்க பத்தொன்பது பேரு வர்றாங்க."

"நிலம் கேட்டா?"

"யோவ், அவங்களுக்கு அங்க இல்லாத நிலமா? உன் சேத்தை வெச்சு என்ன பண்ணப்போறாங்க?"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் டொமினிக். ஆனாலும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். இறந்தவர்கள் நினைவாக அச்சடித்த அட்டைகளுக்கும் ஆட்டு மருந்துச் சீட்டுகளுக்கும் அடியில் பழுப்பேறிய புகைப்படம் ஒன்று இருந்தது. மீசை வைத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் இடது கை. அதில் மூன்று விரல்கள்தான். பின்பக்கம் 'அம்மாவுக்கு, டாம், மொன்டானா' என்று எழுதியிருந்தது.

ஃபெஸ்டஸ் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனது போல இருந்தது.

"எங்கப்பாவோட பெரியப்பா," என்றார் டொமினிக். "இதுக்கு மேல கடுதாசியே வரலையாம். செத்துட்டார்னு நினைச்சுப் பூசை வெச்சாங்க. புள்ளகுட்டி இருந்துச்சா?"

"ஏழு பேரு."

"ஏழா," என்றார் டொமினிக். புகைப்படத்தைத் திரும்ப வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்: "சாம்பலை எங்க வெக்கப் போறாங்க?"

"தெரியலை. டெரீன் இனி சரிப்படாது. உன்னைக் கேக்கச் சங்கடப்படுவாங்க."

"கல்லறையில எங்க குழியில இடம் இருக்கு. எனக்குன்னு வெச்சது. ஒரு டப்பா வெச்சா நான் ஒண்ணும் குறுகிப் போயிட மாட்டேன்."

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. சாமியார் ஜெபம் சொல்ல, ஓனோரா காரெட் படுத்திருக்கும் குழியில் அவளுடைய கொள்ளுப்பேத்தியை வைத்தார்கள். டொமினிக் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். டார்லீன் ஃபெஸ்டஸ் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இருந்திருந்தா உங்களை நல்லாத் திட்டியிருப்பாங்க," என்றாள். "அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாங்க."

"ரெண்டும் எனக்குப் பழக்கம்தான்," என்றார் அவர், டெல்யாவைப் பார்த்தபடி.

பிறகு எல்லாரும் கிளாஷ் வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சமையலறையில் பல வருஷமாக ஒரு முட்டைக்கு மேல் பொரிந்ததில்லை. அன்று டெல்யா இரண்டு பானை உருளைக்கிழங்கு வேகவைத்தாள், பன்றி இறைச்சியை நறுக்கினாள். உட்கார நாற்காலி போதாமல் வைக்கோல் கட்டுகளை உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். டொமினிக்கின் மூக்கும் ஒரு பெரிய அமெரிக்கனின் மூக்கும் ஒரே அச்சு என்று யாரோ சொல்ல, இருவரையும் பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். டொமினிக் மறுக்கவில்லை. சாயங்காலம் ஆடுகளைப் பார்க்கக் கிளம்பியவர் பின்னால் பதினோரு பேர் நடந்தார்கள்.

ஃபெஸ்டஸ் இரண்டாவது தட்டையும் முடித்திருந்தார்.

"ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் ஒழுங்காச் சாப்பிடுற," என்றாள் டெல்யா.

"பசி," என்றார் அவர்.

அடுத்த வாரமே கோவிலில் குவிந்து கிடந்த கடிதங்களை எடுத்துப் பதில் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று பார்த்தார். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே எழுதினார். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மறு வருஷம் ஆடுகள் குட்டி போட்டு முடிந்ததும் டொமினிக் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்து மூன்று வாரம் மொன்டானா போய்வந்தார். அதுவரை ஆடுகளை ஃபெஸ்டஸ் பார்த்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார், அவரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும்போது.

"ஓயாமப் பேசுறாங்க," என்றார் டொமினிக். கார் ஐந்து மைல் தாண்டியது. "அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்காங்க."

"போவியா?"

"குட்டி போட்டு முடியட்டும்."