இருபத்தைந்தாவது நிமிடத்தில் பாரணை

போன துவாதசி காலை, மணி ஏழரை. நான் சாப்பிட்டு முடித்து, திருப்தியாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முசிறியிலிருந்து செல்வி என்று ஒரு பெண். என் பாட்காஸ்ட் கேட்பவராம்.

"அக்கா, பாரணை நேரத்தை எப்ப சொல்வீங்க?"

ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள், மறுநாள் குறித்த நேரத்துக்குள் சாப்பிட்டு விரதத்தை முடிப்பதுதான் பாரணை. அந்த நேரத்தைச் சொல்வதுதான் என் நிகழ்ச்சியே.

"கடைசியில வரும்மா."

"இன்னும் வரலீங்க. நீங்க இப்ப மெத்தை விளம்பரத்துல இருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் சுகர்காரர். கை நடுங்குது. நீங்க நேரம் சொன்னாத்தான் சாப்பிடுவேன்னு உட்கார்ந்திருக்கார்."

"கடைசிக்குத் தள்ளி விட்டுக் கேளுங்களேன்."

"தள்ளி விட்டா பலன் குறையும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். காபியைக் கீழே வைத்தேன்.

"ஆறு இருபதுக்கே ஆரம்பிச்சாச்சும்மா. எட்டு வரைக்கும் இருக்கு. முதல்ல அவருக்குக் கொடுங்க... போனை வைக்காதீங்க."

தட்டுச் சத்தம் கேட்டது. நாலு வாய் உள்ளே போனபிறகு அவரே போனை வாங்கினார்.

"அம்மா, நான் ஒரு தடவைகூடத் தள்ளி விடலைங்க. பலன் உண்டுல்ல?"

"உண்டுங்க" என்று முனகிவிட்டு வைத்தேன்.

இந்த வினை எங்கே ஆரம்பித்தது? நான் பத்தாவது ஃபெயில். ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புண்ணியத்தில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஏகாதசிக்கு ஏகாதசி எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். நாளைக்கு இத்தனை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று. இருபது விநாடி.

அதைக் காட்டூரிலிருக்கும் என் கொழுந்தன் முரளி கேட்டுவிட்டான். பேசியே சம்பாதிப்பது எப்படி என்று பணம் கட்டி ஆன்லைன் கிளாஸ் படித்தவன். அந்தக் கிளாஸ் நடத்தியவர் நிச்சயம் பேசியே சம்பாதித்துவிட்டார்!

"இருபது விநாடிக்கு யார் அண்ணி விளம்பரம் தருவா? இருபத்தஞ்சு நிமிஷம் பேசுங்க. நேரத்தைக் கடைசியில வைங்க."

"பசியோட இருக்கறவங்கப்பா..."

"பசியோட இருக்கறவங்கதான் அண்ணி கடைசி வரைக்கும் கேப்பாங்க."

பேசினேன். துளசியின் மகிமை, நெல்லிக்காயின் மகிமை, நடுவில் மெத்தையின் மகிமை. ஒருநாள் எங்கிருந்தோ பிரியாணி விளம்பரமும் தானாக வந்து விழுந்தது — ஏகாதசியன்று! அதை நாம் தடுக்க முடியாதாம்.

ஜனங்கள் மட்டும் ஏமாளிகளா? கடைசி நிமிடத்துக்குத் தள்ளி விட்டு நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். முரளி கிராஃப் காட்டி வருத்தப்பட்டான். "ஏதாவது சாஸ்திரம் சொல்லி நிறுத்துங்க அண்ணி."

எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னேன். ரங்கா ரங்கா என்று சொல்கிற அதே வாயால்.

இதற்கு வந்த வருமானம்? ஐந்து மாதத்தில் ஏழு டாலர். நூறு சேர்ந்தால்தான் கையில் தருவார்களாம். உண்டியலில் போட்ட மாதிரிதான் — பெருமாள் இல்லாத உண்டியல்.

முசிறிக்காரரின் அந்தக் கேள்விக்குப் பிறகு சாமி அறையில் நிற்கவே கூசியது. பெருமாள் பெயரைச் சொல்லி ஒரு மனுஷனின் பசியைப் பிடித்து வைத்திருக்கிறேனே... கடன்காரன்கூடச் சாப்பிட விட்டுத்தானே கேட்பான்?

அன்றைக்கே பதிவு செய்தேன். "தள்ளி விட்டுக் கேட்டால் பலன் குறையாது. அது நான் கட்டிய பொய். என்னை மன்னித்துவிடுங்கள். இனி நேரத்தை எடுத்தவுடன் சொல்லிவிடுவேன்." மெத்தை இல்லை, மகிமை இல்லை. முதலில் செல்விக்கு அனுப்பினேன், பிறகு ஊருக்கு.

இரண்டு நாள் கழித்து முரளி கூப்பிட்டான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணி, உங்க மன்னிப்பு பிச்சுக்கிட்டு போகுது. இதுவரைக்கும் எதையும் இத்தனை பேர் கேட்டதில்ல. வாரம் ஒரு மன்னிப்பு கேட்டுடலாமா?"

வாரம் ஒரு மன்னிப்பு என்றால் வாரம் ஒரு பாவம் செய்ய வேண்டுமே... அதற்கும் அந்தக் கிளாஸில் ஒரு பாடம் இருக்கும்!