வெறும் வாயுடன் வரவும்

இருபத்திரண்டு வருடமாக அவளுடைய காலை உணவு பன்னிரண்டு பிஸ்கட். ஆசைப்பட்டுத் தின்றதில்லை, உத்தியோகம் அப்படி. ஊருக்கு வெளியே இருக்கும் பிஸ்கட் தொழிற்சாலையில், அடுப்பிலிருந்து இறங்கும் சரக்கு பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ருசி பார்த்து, ஒன்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் ஏழு பேரில் அவளும் ஒருத்தி. மற்றவர்களுக்கு நாக்கு வேலை செய்யும், அவளுக்குத் தொண்டை. எண்ணெய் பழசாகி லேசாகக் காறத் தொடங்கியிருந்தால், விழுங்கிய பிறகு தொண்டைக்குள் ஒரு சின்னக் கீறல் தெரியும். மெஷினுக்குப் பிடிபடாதது அவளுக்குப் பிடிபடும். அதனால் அங்கே அவள் பெயரே தொண்டை. அழைப்பு மணி அடித்தால், "தொண்டை வந்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளெல்லாம் உண்டு.

ருசி அறையில் ஏழு தடுப்புகள். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாதென்று சிவப்பு விளக்கு. சுவரில் ஒரு சின்னக் கதவு திறக்கும், எண் எழுதிய தட்டு வரும், வெதுவெதுப்பான தண்ணீர் வரும், துப்புவதற்குக் காகிதக் கோப்பை வரும். வாசலில் ஒரு பலகை: வெறும் வாயுடன் வரவும். இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்தே தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது என்று அர்த்தம்.

இதையெல்லாம் அவள் டாக்டரிடம் விளக்க வேண்டியதாயிற்று.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் அம்மாள் கேட்டார்.

"பன்னெண்டு பிஸ்கட்."

"ஒரு வாரத்துக்கா?"

"எட்டரை மணிக்கு, டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறு புள்ளி எட்டு. மூன்று மாதம் அவகாசம்; காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டு ஆறரைக்குக் கீழே இறக்கினால் சரி, இல்லையென்றால் மாத்திரை.

"மாத்திரைன்னா ஒண்ணும் பயமில்ல. சில பேருக்கு வாயில இரும்பு ருசி மாதிரி இருக்கும். போகப் போகப் பழகிடும்."

அவளுக்கு ருசி அறைதான் நினைவுக்கு வந்தது. வாயில் இரும்பை வைத்துக்கொண்டிருந்தால் யார் சம்பளம் தருவார்கள்? மாதம் ஒருமுறை குழுவிலுள்ள எல்லோருடைய நாக்கையும் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள். கசப்பையும் இரும்பையும் மாற்றிச் சொன்னால் அடுத்த நாளே பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மறுநாளே கணவர் களத்தில் இறங்கினார். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். எது கெட்டாலும் பிரித்து மாட்டிவிடலாம் என்று நம்புகிற ஆள். விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு இரண்டு அவித்த முட்டையையும் ஒரு கிண்ணம் ஓட்ஸையும் மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். ஆறரைக்கு மேல் வாயில் எதையும் போட முடியாது. அந்த நேரத்தில் அவளுக்குப் பசி என்பதே கிடையாது. விழித்தும் விழிக்காத வயிற்றில் ஓட்ஸைத் தள்ளுவது மூட்டை ஏற்றுகிற மாதிரி இருந்தது.

"எப்படி?" என்றார் கணவர்.

"முதல்ல உமி வாசனை. நடுவுல பசை. கடைசில அட்டை. ஒம்பதுக்கு நாலு."

"இது வீடும்மா, உன் சிவப்பு லைட்டு ரூம் இல்ல. மார்க்கெல்லாம் அங்க போட்டுக்கோ."

"கேட்டீங்க, சொன்னேன்."

"கேட்டது தப்புதான் தாயே. முழுங்கு."

ஐந்தாவது நாளே மானம் போயிற்று. வெண்ணெய் பிஸ்கட் தட்டு வந்தது. வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். தொண்டைக்குள் அழுத்தமாக ஒரு வாசனை. தயங்காமல் எழுதினாள்: முட்டை வாசனை, நிராகரிக்கவும். அந்த பிஸ்கட்டில் முட்டையே கிடையாது. கிடையாது என்பதால்தான் எல்லோரும் பதறினார்கள். சரக்கை நிறுத்தினார்கள், மாவு கலக்கும் தொட்டியைக் கழுவினார்கள், நான்கு மணி நேரம் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? முட்டை இருந்தது அவள் வயிற்றில். ஒரு சின்ன ஏப்பம், அவ்வளவுதான். சிவப்பு விளக்கின் கீழே முகம் சிவந்ததை யாரும் பார்க்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை.

முட்டையை நிறுத்தினாள். வேர்க்கடலை வைத்துப் பார்த்தாள். நண்பகல் வரை பல்லிடுக்கில் குடியிருந்தது. வெள்ளரிக்காய் அதைவிட மோசம். கடைசியில் உப்பில்லாத ஓட்ஸ் மட்டும்தான் நாக்கைத் தொந்தரவு செய்யாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது எட்டு மணிக்கே எங்கே போனதென்று தெரியாது. அதற்குமேல்தான் கொடுமை. எட்டரைக்கு வரவேண்டிய சரக்கு எட்டரைக்கு வருவதேயில்லை. ஒன்பதரை, பத்து, ஒருநாள் பத்தேமுக்கால். ஏழு பேரும் நடைபாதை பெஞ்சில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து அறையிலிருந்து வெந்த மாவின் வாசனை வந்துகொண்டே இருக்கும். பசியோடு உள்ளே போனால் எல்லாமே அமிர்தம்தான். ஓரம் கருகிய பிஸ்கட்டுக்கு எட்டு போட்டாள்.

"என்ன தொண்ட, தாராளமா போயிட்ட?" என்றார் பக்கத்துத் தடுப்புக்காரர். எதைக் கொடுத்தாலும் ஏழரை போடுகிறவர், பட்டப்பெயரும் ஏழரைதான். "என் மார்க்க நீ தாண்டினா எனக்கு என்ன மரியாதை?"

அவருக்குக் கவலையில்லை. மென்று, கோப்பையில் துப்பிவிட்டுப் போய்விடுவார். அவளால் துப்பவும் முடியவில்லை. ஒரு வாரம் முயன்று பார்த்தாள். விழுங்காவிட்டால் அவளுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. வெறும் இனிப்பு, வெறும் மொறுமொறுப்பு. துப்பினால் தொண்டை போகிறது, விழுங்கினால் சர்க்கரை ஏறுகிறது, சர்க்கரை ஏறினால் மாத்திரை, மாத்திரை வந்தாலும் தொண்டை போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர்.

மேற்பார்வையாளர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். மரியாதைக்கு அவள் அக்கா, அதிகாரத்துக்கு அவர் சார். அவரிடம் கேட்டாள்.

"சார், சரக்கு வர்ற நேரத்த நிச்சயமா சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி சாப்ட்டுட்டு வருவேன்."

"அக்கா, அடுப்பு என்ன கடிகாரம் கட்டிட்டா வேலை செய்யுது? வர்றப்ப வரும்."

"எனக்கு மட்டும் ரெண்டு மணி நேரம்னு கணக்கு இருக்கே."

"அது விதிக்கா."

"அடுப்புக்கு விதி இல்லையா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாவது வாரம், திங்கட்கிழமை. இன்னும் மூன்றே வாரத்தில் ரத்தப் பரிசோதனை. மணி ஒன்பதே நாற்பது. சரக்கு எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குக் கை நடுங்கியது, நெற்றி வேர்த்தது. இனி உள்ளே போனால் பன்னிரண்டு இல்லை, தட்டையே தின்றுவிடுவாள் என்று தோன்றியது. பையிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். ரொட்டி, வேகவைத்த பயறு, ஒரு ஆப்பிள். பெஞ்சிலேயே திறந்து சாப்பிடத் தொடங்கினாள். ஆறு பேரும், யாரோ செத்துப்போன மாதிரி, பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் ஏழரை.

"பசிக்குது. சாப்பிடறேன்."

ஆப்பிளின் கடைசித் துண்டு வாயில் இருக்கும்போது மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "அக்கா, சரக்கு இறங்கிடுச்சு, வாங்க வாங்க."

"நான் சாப்ட்டேன் சார்."

"என்ன சாப்ட்டீங்க?"

"எல்லாத்தையும்."

"அய்யோ அக்கா! ஏழு பேர் இல்லாம நான் கையெழுத்து போட முடியாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். ரெண்டு மணி நேரம் பொறுங்க. நாங்க பொறுக்கலையா?"

விதி விதிதான். பன்னிரண்டு மணி வரை சரக்கு தட்டுகளிலேயே கிடந்தது. பெட்டி போடும் கூடம் சும்மா நின்றது. அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுக்கம் நின்றிருந்தது, அந்த ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டில் சொன்னபோது கணவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு, "வயிறு நிறைஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

"நிறைஞ்சுது."

"அப்ப சரி."

ஆனால் சரியாகிவிடவில்லை. புதன்கிழமை மாற்றல் தாள் வந்தது. பெட்டி ஒட்டும் பிரிவுக்கு இல்லை. அந்த அளவில் பிழைத்தாள். பழைய சரக்குப் பிரிவு. ஆறு மாதம், எட்டு மாதம் என்று அலமாரியில் வைத்த பிஸ்கட் இன்னும் தாங்குகிறதா என்று பார்க்கும் வேலை. மாலை மூன்று மணிக்கு, மூன்றே துண்டு. அங்கே அடுப்பு கிடையாது, தாமதமும் கிடையாது. எண்ணெய் காறியதைக் கண்டுபிடிக்க அவளைவிடப் பொருத்தமான ஆளும் கிடையாது. மேற்பார்வையாளர், "உங்களுக்கு நல்லதுதானேக்கா," என்றார். நல்லதுதான், அதை மறுக்க முடியாததுதான் எரிச்சலாக இருந்தது. அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள். மணி அடித்தால் யாரும் அவளைத் தேடுவதில்லை.

இப்போது எட்டு மணிக்கு, கம்பெனி கேன்டீனில், பசித்த வயிற்றோடு, முட்டையும் பயறும் பழமும் நிதானமாகச் சாப்பிடுகிறாள். முட்டை ருசியாகவே இருக்கிறது. அதுவும் அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்புகிறது. இருபத்திரண்டு வருடம் இது எங்கே போயிருந்தது?

பரிசோதனைத் தாளில் ஆறு புள்ளி நான்கு என்று இருந்தது. டாக்டர் அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா? மாத்திரை வேண்டாம். எல்லாம் பழக்கம்தான். மனசு வச்சு மாத்திக்கிட்டீங்க."

"நான் எங்க டாக்டர் மாத்தினேன்? என்னையில்ல மாத்திட்டாங்க."

டாக்டர் அதற்குள் அடுத்த தேதியைக் குறித்துவிட்டு, "அடுத்தவங்கள வரச் சொல்லுங்க," என்றார்.