எட்டாம் வகுப்பு ‘பி’ தண்ணீர் குடித்த நாள்

மத்தியான வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்ட புளிச்சோற்றின் உப்பு வேறு தொண்டையிலேயே நிற்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் விசைத்தறிச் சத்தம் டடக் டடக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே குழாய்... ஆனால் எங்களில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

சங்கரன்கோவிலில் நான் எட்டாவது படித்தபோது எங்கள் பெண்கள் பள்ளியில் இதுதான் வழக்கம். யாரும் சொல்லித் தரவில்லை. ஆறாவதில் சேருகிற புதுப்பிள்ளை ஒரு வாரத்தில் தானே கற்றுக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் போக இடம் கிடையாது.

இடம் இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்! புதுக் கழிப்பறை, வெள்ளை டைல்ஸ் எல்லாம் போட்டு ஜம்மென்று நின்றது. கதவில் பூட்டு. ஆய்வுக்கு அதிகாரி வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சாவி பெரிய டீச்சரிடம்... தலைமையாசிரியையை அப்படித்தான் சொல்வோம். பின்பக்கம் ஒதுங்க ஒரு உடைமரப் புதர் இருந்தது. அதை ஒட்டி டீக்கடை வந்ததும் அதுவும் போயிற்று.

என் பக்கத்தில் உட்காருகிறவள் பேச்சி. திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். விடிந்ததும் டவுன் பஸ் பிடித்து வந்தால், திரும்ப வீடு சேர விளக்கு வைத்துவிடுவார்கள். அவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டே இருப்பாள். கணக்குப் பாடத்தில் அவளை யாரும் தொட முடியாது.

ஒருநாள் அவள் வரவில்லை. நீர்க்கடுப்பு முற்றி, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். ஆடு மேய்க்கிறவர். கோபமாகவெல்லாம் பேசவில்லை. என்னிடம் இருந்த அவளுடைய கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

“படிப்பு கெடக்கட்டும் தாயி. பிள்ள எனக்கு உசுரோட வேணும்லா.”

அடுத்த வாரம் வந்து டி.சி. வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்ததே கோபம்... கணக்கில் நூறு வாங்குகிறவள், ஒன்றுக்குப் போக இடமில்லாமல் படிப்பை விடுவதா? வகுப்பில் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினேன். சிலர் பயந்தார்கள். சிலர் சிரித்தார்கள். கடைசியில் எல்லாரும் சரி என்றார்கள்.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் வகுப்பு முழுக்கக் குழாயடிக்குப் போய் வயிறு முட்டக் குடித்தோம். மற்ற வகுப்புப் பிள்ளைகள் எங்களுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அடுத்த பீரியடில் ஒருத்தி எழுந்து “போகணும் டீச்சர்” என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் மொத்த வகுப்பும். டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. நாங்கள் நேராகப் பெரிய டீச்சர் ரூம் வாசலில் போய் நின்றோம். காலைப் பின்னிக்கொண்டு, நெளிந்துகொண்டு, சிலர் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

என்ன இது என்று பெரிய டீச்சர் அதட்டினார். நான்தான் சொன்னேன்.

“பேச்சி டி.சி. வாங்கப் போறா டீச்சர். படிப்பு வராம இல்ல, ஒண்ணுக்குப் போக எடமில்லாம. அந்தக் கதவத் திறங்க. திறக்குற வரைக்கும் இங்கனயேதான் நிப்போம்.”

நாசமாக்கிவிடுவீர்கள், கழுவ ஆள் கிடையாது என்றார் அவர். நாங்களே கழுவுகிறோம் என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். சாவி வந்தது. முன்னால் நின்றவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே... இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியாது.

விஷயம் தெரிந்து பேச்சியின் அப்பா டி.சி. கேட்கவில்லை. அவள் திரும்பி வந்த அன்று, குழாயில் இரண்டு கையையும் குவித்துப் பிடித்து, யூனிஃபார்ம் நனைய நனையக் குடித்தாள்.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முறை போட்டுக் கழுவினோம். கொஞ்ச நாளில் டவுன் வீடுகளிலிருந்து, எங்கள் வீடு உட்பட, ஆள் வந்து சண்டை போட்டார்கள். எங்கள் பிள்ளை கக்கூஸ் கழுவவா பள்ளிக்கூடம் வருகிறது என்று. பெரிய டீச்சர் எங்களை முறையிலிருந்து எடுத்துவிட்டார். வேலையைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வர முடியாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். பேச்சி பத்தாவது முடிக்கிற வரைக்கும் கழுவினாள்.

இன்று நான் இதே ஊரில் ஒரு அரசுப் பள்ளியில் டீச்சர். இப்போது பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கிறோம். அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்... ஆனால் இந்த வருடம் சுத்தம் செய்கிறவர் நின்றுவிட்டார். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், பிள்ளைகளே முறை வைத்துக் கழுவட்டும், பொறுப்பு வரும் என்று. நான் எழுந்தேன்.

“அந்த முறை கடைசில எந்த வீட்டுப் பிள்ள கையில போய் நிக்கும்னு எனக்குத் தெரியும் சார். பிள்ளைக்கு உள்ளத, பிள்ளைகிட்டயே வேல வாங்கிட்டுக் குடுக்கக் கூடாது. ஆள் போடுங்க.”

ஆள் போடுகிற வரைக்கும் நகராட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். என்னைக் கண்டாலே அங்கே எல்லாரும் ஃபைலில் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். நான் விடவில்லை. இப்போது ஆள் வருகிறார், சம்பளத்தோடு.

பேச்சியிடம் போனில் சொன்னேன்.

“இத அன்னைக்கே கேட்டிருக்கலாம்ட்டி” என்றாள்.

ஆமாம். அன்றைக்கு எங்களுக்கு அதைக் கேட்கலாம் என்றே தெரியாது.

நேற்றுத் தண்ணீர் மணி அடித்ததும் என் வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை பாட்டிலைக் கவிழ்த்து மடமடவென்று குடித்து முடித்தது. பாதிப் பாடத்தில் எழுந்தது. என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே அதன் முகத்தில் இல்லை. அது பாட்டுக்கு வெளியே போய்விட்டு, வந்து உட்கார்ந்தது. நான் பாடத்தை நிறுத்தவில்லை.